பழைய கார்டு, புதுப் பையன்

மார்ச் 3, 2025, திங்கள்

காலை 7.20. வாயில் பிரஷ், காதில் போன். "சார், உங்க கிரெடிட் கார்டுல 2,16,000 பாக்கி. இன்னிக்கு 500 ரூபாயாவது போடுங்க, ஃபைலை நிறுத்தி வைக்கிறேன்" என்றான் கடன் வசூல் கம்பெனிப் பையன் ஒருவன். எந்தக் கார்டு என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் "எந்தக் கார்டு?" என்று கேட்டு வைத்தேன்.

2011 டிசம்பர் 30, தானே புயலில் கூரை பறந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வாங்க அந்தக் கார்டைத்தான் தேய்த்தேன். நாலு வருஷம் ஒழுங்காகக் கட்டினேன். 2015 வெள்ளத்தில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். ஜெராக்ஸ் மெஷின் போனது, அதோடு டியூவும் நின்றது. வாங்கினேன், கட்டவில்லை. இதை நாட்குறிப்பிலுமா மறைப்பது?

மார்ச் 5, புதன்

பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். ஸ்டேட்மென்ட்கள் ஒன்றோடொன்று ஒட்டி அப்பளம் மாதிரி இருந்தன. நகத்தால் பிரித்தேன். பாதிக் காகிதம் வரை செம்மண் கறை, அதற்கு மேலே எழுத்து பிழைத்திருந்தது. கடைசியாகக் கட்டியது 2015 அக்டோபர். அப்போது பாக்கி 38,000 சொச்சம்.

மார்ச் 6, வியாழன்

எதிர்வீட்டு வக்கீல் தம்பியிடம் காட்டினேன். "அதுக்கப்புறம் எதுலயாவது கையெழுத்து போட்டீங்களாண்ணே?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப 1963 காலவரையறைச் சட்டப்படி மூணு வருஷக் கெடு 2018லயே முடிஞ்சுது. கடன் அப்படியேதான் இருக்கு. கேஸ் போட்டு வாங்கத்தான் வழியில்லை."

அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "கட்டறேன்னு மட்டும் எழுதிக் கையெழுத்து போட்டுடாதீங்க. ஒப்பந்தச் சட்டத்துல 25(3)னு ஒரு பிரிவு இருக்கு, செத்த கடனுக்கு உயிர் வந்துடும். வாட்ஸ்அப்ல 'சரி'ன்னுகூடப் போடாதீங்க. ஒருவேளை சம்மன் வந்தா மட்டும் சும்மா இருக்காதீங்க. போகலன்னா எக்ஸ்பார்ட்டியா, அதாவது உங்க தரப்பைக் கேக்காமலே, தீர்ப்பாயிடும்."

அந்த 500 ரூபாயை நினைத்துக்கொண்டேன். அன்று பணம் கையில் இருந்திருந்தால் தொல்லை விட்டது என்று போட்டிருப்பேன்.

மார்ச் 8, சனி

முத்தியால்பேட்டையிலிருந்து அக்கா அழுகையோடு போன் செய்தாள். "உன் தம்பி ஓடிட்டானா?" என்று அந்தப் பையன் அவளிடம் கேட்டிருக்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடன் என்னுடையது, அக்காவுக்கு என்ன சம்பந்தம்? காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக்கூடாது, குடும்பத்தாரை அவமானப்படுத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியிருக்கிறது. அக்காவின் போனில் வந்த எண்ணையும் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவளுக்கு எடுக்கத் தெரியாது, பேத்தி எடுத்து அனுப்பினாள்.

மார்ச் 10, திங்கள்

அந்த வசூல் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். கடன் உங்கள் கைக்கு வந்ததற்கான பத்திரம் எங்கே, கடைசியாகப் பணம் வந்த தேதி என்ன, கணக்கு விவரம் கொடுங்கள். கெடு கடந்த கடன் என்பது என் நிலை. இந்தக் கடிதம் எதையும் ஒப்புக்கொள்வதாகாது. இனி எழுத்தில் மட்டும் பேசவும். வங்கிக்குத் தனியாக ஒரு புகார். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாமாம், அதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ரசீதைப் பெட்டியில் போட்டேன்.

மார்ச் 19, புதன்

ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கையெழுத்து கோழி கிளறினது போல இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி. பணம் வந்தால் அசலையாவது பேசிக் கட்டலாமா என்று எனக்குள் இன்னும் ஓடுகிறது. அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 20, வியாழன்

மறுபடி போன். அதே பையன். மணி பார்த்தேன், காலை 8.05.