கருவிழியைச் சுற்றிய வரிகள்

ஈரானில் பிறந்த பெண் கலைஞர் ஷிரின் நெஷாத்தின் ‘அல்லாவின் பெண்கள்’ புகைப்பட வரிசையை முதலில் பார்த்தபோது, அந்த முகங்களிலும் கைகளிலும் ஓடிய பாரசீக எழுத்தை மருதாணி வேலைப்பாடு போன்ற ஓர் அலங்காரமாகவே எடுத்துக்கொண்டேன். அவை கவிதை வரிகள் என்று பிறகு அறிந்தபோது என் மீதே எனக்கு வருத்தம் உண்டாயிற்று.

1957-இல் கஸ்வீன் நகரில் பிறந்த நெஷாத், படிப்பதற்காக அமெரிக்கா சென்றவர். 1979-இல் ஈரானில் இஸ்லாமியப் புரட்சி நடந்தபோது அங்கேதான் இருந்தார். 1990-இல் ஊர் திரும்பிப் பார்த்தபோது, தாம் அறிந்த நாடு அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. அந்தத் திகைப்பிலிருந்துதான் 1993 முதல் 1997 வரை இந்தப் படங்கள் பிறந்தன.

எழுத்து, உடம்பின் மீதன்றி, அச்சிட்ட படத்தின் மீது மையால் எழுதப்பட்டது. ஒரு படத்தில் ஒற்றைக் கண் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. கருவிழியைச் சுற்றி வெண்விழி முழுவதும் பொடி எழுத்தில் வரிகள் வளைந்து செல்கின்றன. 1967-இல் தம் 32-ஆம் வயதில் கார் விபத்தில் இறந்த ஈரானியப் பெண் கவிஞர் ஃபொரூக் ஃபரொக்ஸாத், கவனிப்பாரின்றி வாடும் தோட்டத்துக்காக இரங்கி எழுதிய கவிதை அது. வேறு சில படங்களில் இருப்பவை மற்றொரு பெண் கவிஞரான தாஹெரே சஃபர்ஸாதேயின் வரிகள். பெண்ணின் வேட்கையை ஒளிக்காமல் எழுதியவர் முன்னவர். புரட்சியைப் போற்றிப் பாடியவர் பின்னவர். எதிரெதிர்த் திசைகளில் நின்ற இரு குரல்களும் பாரசீகம் அறியாத என் கண்ணுக்கு ஒரே கோடுகளாகத்தான் தெரிந்தன. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வாழும் அந்த நாட்டுக்கோ, 1996-க்குப் பிறகு நெஷாத் திரும்பவே இல்லை. மேற்கத்தியப் பார்வையாளருக்காகச் செய்த அழகுவேலை என்று இந்தப் படங்களைக் குறைத்துப் பேசுவோரை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்தை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டதில், தம் மொழியை விட்டுக்கொடுக்காத பிடிவாதத்தையே நான் காண்கிறேன்.

1998-இல் அவர் எடுத்த ‘கொந்தளிப்பு’ என்ற காணொளியில் பெண்ணின் பாட்டிலிருந்து சொற்களே விலகிவிடுகின்றன. எதிரெதிரே இரண்டு திரைகள். ஒன்றில் ஆண்கள் நிறைந்த அரங்குக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் ரூமியின் கவிதையைப் பாடிக் கைதட்டல் பெறுகிறார். மற்றொன்றில் கறுப்பு முக்காடிட்ட பெண் வெற்று நாற்காலிகளை நோக்கிக் காத்திருக்கிறார். புரட்சிக்குப் பின் ஈரானில் ஆண்கள் முன்னிலையில் பெண் தனித்துப் பாடத் தடை வந்தது. ஆணின் பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் தொடங்குகிறார். பெருமூச்சும் முனகலும் கூவலுமாக எழும் அந்தக் குரலில் ஒரு சொல்கூட இல்லை. அதுவரை அசையாதிருந்த கேமரா அவரைச் சுற்றிச் சுழலத் தொடங்குகிறது. எதிர்த்திரையில் அந்த ஆண்கள் வாயடைத்து நிற்கிறார்கள்.