சதுர மரங்கள்

சின்ன வயதில் டிஸ்னியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி' கார்ட்டூன் படம் பார்த்தபோது எப்போது முடியும் என்றுதான் இருந்தது. இளவரசி பாடுகிறாள், தூங்குகிறாள், இளவரசன் வந்து டிராகனைக் கொல்கிறான், சரி, அப்புறம்? போன வாரம் மறுபடி போட்டேன். இளவரசி அரோரா காட்டில் பாடிக்கொண்டே நடக்கிற இடம் வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, ஓரமாக நிற்கிற ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மரம் உருண்டையாக இல்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தது மாதிரி சதுரம். பட்டையில் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகத் தீட்டியிருக்கிறது, தூரத்து இலையும் காலடிப் புல்லும் ஒரே துல்லியம். கார்ட்டூன் படத்தில் பின்னணி என்றால் கொஞ்சம் மங்கலாக ஒதுங்கி நின்று பாத்திரங்களுக்கு வழிவிடும், இங்கே அது ஒதுங்கவே மாட்டேன் என்கிறது. ஐவிந்த் ஏர்ல் என்ற ஓவியரின் வேலை இது. படம் முழுக்க எப்படித் தெரிய வேண்டும் என்பதை வால்ட் டிஸ்னி அவர் பொறுப்பில் விட்டுவிட்டார், அவர் ஐரோப்பாவின் இடைக்காலத் திரைச்சீலைகளிலிருந்தும் ஏட்டுச் சித்திரங்களிலிருந்தும் எடுத்தார். அந்தச் சித்திரங்களில் தூரம் என்பதற்காக எதுவும் மங்காது. இவ்வளவு விவரம் இருந்தால் எங்கள் பாத்திரங்களை யார் பார்ப்பார்கள் என்று அனிமேட்டர்கள் முணுமுணுத்தார்கள். நியாயம்தான். ஆனால் நான் ஏர்ல் கட்சி.

அரோராவையும், அவளுக்குச் சாபம் போடுகிற சூனியக்காரி மலெஃபிசென்ட்டையும் உயிர்ப்பித்தவர் ஒரே ஆள், மார்க் டேவிஸ். அரோரா வருவது ஒண்ணேகால் மணி நேரப் படத்தில் சுமார் 18 நிமிடம்தான், பாவம், கதை அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. மலெஃபிசென்ட் கதை வேறு. கொம்பும், தீ நாக்கு மாதிரி நெளிகிற அங்கியுமாக வந்து நின்றாலே போதும், திரையில் வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள்.

1959இல் வந்த படம். 70 மி.மீ. அகலத்திரை, சுமார் 60 லட்சம் டாலர் செலவு. முதல் சுற்றில் போட்ட பணம் திரும்பவில்லை. அடுத்த தேவதைக் கதைக்கு டிஸ்னி 30 வருடம் எடுத்துக்கொண்டது, 1989இல்தான் 'தி லிட்டில் மெர்மெய்ட்'. இன்னொன்றும் இதோடு போனது. இந்தப் படம் வரை அனிமேட்டரின் பென்சில் கோட்டை, 'செல்' என்கிற கண்ணாடி மாதிரித் தாளில் மையால் கையாலேயே இழுத்தார்கள், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும். அடுத்து வந்த 'நூற்றியொரு டால்மேஷியன்கள்' படத்தில் அந்த வேலையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டது. (ஆமாம், நாம் காப்பி எடுக்கிற அதே ஜெராக்ஸ்தான்.) அந்த நாய்க்குட்டிகளின் கறுத்த, கொஞ்சம் சொரசொரப்பான கோட்டைப் பார்த்துவிட்டு அரோராவின் தலைமுடியைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி இதே கதைக்குப் போட்ட 1890 பாலே இசையை எடுத்து ஜார்ஜ் ப்ரன்ஸ் படத்துக்காகத் திருத்தினார், காட்டில் அவள் பாடுவது அதில் வருகிற வால்ட்ஸ் என்கிற நடன மெட்டுதான். எனக்குப் பிடித்தது அதுவல்ல. மலெஃபிசென்ட்டின் பச்சை வெளிச்சம் கூப்பிட, அரோரா கண் இமைக்காமல் படியேறுகிறாளே, அங்கே பின்னால் ஊர்கிற இசை. பாலேயில் அது கல்யாண விருந்தில் பூட்ஸ் போட்ட பூனையும் வெள்ளைப் பூனையும் ஒன்றையொன்று சீண்டி ஆடுகிற வேடிக்கை நடனத்துக்கானது! இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியில் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், வரவில்லை.