அருகம்புல் அலர்ஜி: டெஸ்ட் எடுத்த அனுபவம்

மழை பெய்து பாலக்கோடு பக்கம் வரப்பெல்லாம் பச்சை கட்டினால் எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். விடிந்தால் அடுக்குத் தும்மல்தான். கண் அரித்து இமை வீங்கிவிடும். பார்த்தீனியம்தான் காரணம் என்று ஊரே சொன்னது. வீட்டைச் சுற்றி ஒரு செடி விடாமல் பிடுங்கியும் குறையவில்லை.

கடைசியில் சேலத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தேன். தோல் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்பே செட்ரிசின் மாதிரியான அலர்ஜி மாத்திரைகளை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ரிசல்ட் சரியாக வராது. அந்த வாரத்தைத் தள்ளுவதுதான் பெரும்பாடு. டெஸ்ட் ஒன்றுமே இல்லை. முன்கையில் பேனாவால் எண் போட்டு, பக்கத்தில் ஒவ்வொரு மகரந்தக் கரைசலிலும் ஒரு சொட்டு விட்டு, அதன் மேல் ஊசி முனையால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரம் சொறியாமல் உட்கார வேண்டும். பார்த்தீனியம் வைத்த இடம் அப்படியே இருந்தது. அருகம்புல் மகரந்தம் வைத்த இடமோ தடித்துச் சிவந்து, அரிப்பு தாங்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டர் அதிகமாகத் தடித்தாலே பாசிட்டிவ்வாம். ஸ்கேல் வைத்து அளந்தார்கள்.

மனசு கேட்கவில்லை. பிள்ளையாருக்குச் சாத்துகிற புல். எங்கள் ஆயா சொறி சிரங்குக்கு அருகன் தைலம் காய்ச்சித் தடவிய புல். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: வைத்தியத்துக்கு எடுப்பது இலையையும் வேரையும், தொல்லை கொடுப்பது பூவின் தூள். தண்டு உச்சியில் விரல் விரித்த மாதிரி நாலைந்து கதிர் நிற்குமே, அதுதான் பூ. காற்றை நம்பிக் காய்க்கிற புல் என்பதால் தூளைக் கணக்கில்லாமல் கொட்டும். சாறு குடிக்கலாமா என்று கேட்டேன். பூ வந்த புல்லை அரைத்தால் தூளும் சேர்ந்து வரும், உங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

மூக்கு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். வலது மூக்குக்கு இடது கையால் அடிக்க வேண்டும். அப்போதுதான் மருந்து நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கச் சுவரில் படும். ஒரே நாளில் கேட்காது, விடாமல் அடித்தால்தான் பலன். வரப்புப் புல்லைக் கதிர் வருமுன்னே வீட்டுக்காரர் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறார். நெஞ்சில் விசில் சத்தம் வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஓடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அலர்ஜி ஊசி 3 முதல் 5 வருடம் போட வேண்டுமாம். ஸ்ப்ரேயிலேயே அடங்கினால் அது வேண்டாம் என்று இருக்கிறேன்.