இரவுகளை எண்ணித் தொடங்கிய பயணம்

சுவிஸின் பேர்ண் நகரில் நெடுங்காலமாக வாழும் என் சின்னம்மாவும் பாரிஸில் குடியிருக்கும் என் தம்பியும், "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோவன்" என்று ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தொலைபேசியில் கேட்பார்கள். மகளுக்குப் பதினான்கு வயதும் மகனுக்கு ஒன்பது வயதும் ஆகிவிட்ட நிலையில், இனியும் தள்ளிப்போட்டால் மகளின் சாதாரண தரப் பரீட்சை குறுக்கே வந்துவிடும் என்று மனைவி சொன்னதன் பின்னரே காரியத்தில் இறங்கினோம். எங்கள் ஊரான திருகோணமலையின் உப்புவெளியும் நிலாவெளியும் வெளிநாட்டவரால் நிறைந்திருக்கும் ஓகஸ்ட் மாதமே அங்கும் கோடை என்பதாலும், பாடசாலை விடுமுறையும் அதையொட்டி வருவதாலும், அந்த மாதத்தையே தெரிவு செய்தோம்.

நான் செய்த முதல் வேலை ஒரு கொப்பித் தாளில் இரவுகளை எண்ணியதுதான். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டின் வழியாகவே, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். என் முதல் கணக்கில் பேர்ணில் 6 இரவு, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1 இரவு, ஜேர்மனியின் ஃப்ரைபூர்க்கில் 3 இரவு, பாரிஸில் 5 இரவு என்று இருந்தது. அதாவது சுவிஸும் பிரான்ஸும் சரிக்குச் சரி. நாங்கள் இறங்குவது சூரிச் விமான நிலையம் என்பதால் சுவிஸ் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் வாடகைக் கார், இறுதிப் புகையிரதம், தம்பி வீட்டுத் தங்கல் எல்லாம் பிரான்ஸில் இருந்தன. தம்பியோ தன் நகரசபையில், அங்குள்ளவர்கள் 'மேரி' என்று சொல்லும் அலுவலகத்தில், எங்களைத் தன் வீட்டில் ஏற்கும் சான்றிதழுக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தான். இரு பக்கமும் சாயாத ஒரு விண்ணப்பத்துடன் விசா நிலையத்தின் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஃப்ரைபூர்க்கில் ஓர் இரவைக் குறைத்து, ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் பதிலாகப் பிரான்ஸிலேயே உள்ள கொல்மாரில் 2 இரவு என்று மாற்றியதும், பிரான்ஸ் 7, சுவிஸ் 6, ஜேர்மனி 2 என்று கணக்குத் தெளிவாகியது.

அந்த மாற்றத்துக்கு நான் ஒரு விலையும் கொடுத்தேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஃப்ரைபூர்க்கில் ஒரு விடுதியில் மூன்று இரவுகளுக்கும் திரும்பப் பெற முடியாத கட்டணத்தில் முன்பே பணம் கட்டியிருந்தேன். மூன்றாவது இரவின் பணம் போனது போனதுதான். விசா கைக்கு வரும்வரை இரத்துச் செய்யக்கூடிய பதிவுகளை மட்டும் செய்யுங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் இன்று நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதங்கள் முன்னரே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாட்களுக்கு உட்பட்டுவிட்டால் முடியாது. வளர்ந்தவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 45 யூரோ. பதினான்கு வயது மகளுக்கும் முழுக் கட்டணம் என்பதால் எங்கள் நால்வருக்கும் 315 யூரோவும், அதற்கு மேல் விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணமும் ஆயின. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கூற்றுகள், எங்கள் இருவரின் வெளிநாட்டு விடுமுறை அனுமதிக் கடிதங்கள் ஆகியவற்றைச் சேர்ப்பதற்கு ஓடித்திரிய வேண்டியிருந்தாலும், அவை எல்லாரும் அறிந்தவையே. எங்களை உண்மையில் வாட்டியது பெயர்கள்தான்.

எங்கள் வழக்கப்படி என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக என் தகப்பனாரின் பெயர் இருக்கிறது. மனைவியினதில் அவருடைய தகப்பனாரின் பெயர். பிள்ளைகளினதில் என் பெயர். ஒரே வீட்டில் நால்வருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். இவர்கள் ஒரு குடும்பம் என்பதை அங்குள்ள அதிகாரி ஒருவர் பெயரைப் பார்த்து அறிய வழியே இல்லை. ஆகவே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் எங்கள் விவாகச் சான்றிதழையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆங்கிலத்தில் பெற்று, யார் யாருடைய பெயரைத் தாங்குகிறார் என்று அரைப் பக்கத்தில் ஒரு விளக்கக் கடிதமும் எழுதி மேலே வைத்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் அடுத்த தாளுக்குப் போனார். முதல் நாள் இரவு புகையிரதத்தில் திருகோணமலையில் ஏறி, கல்ஓயா சந்தியில் நெடுநேரம் நின்று, விடியற்காலையில் கொழும்பு கோட்டையில் இறங்கிய களைப்பெல்லாம் அப்போது பறந்துவிட்டது.

அதே கொழும்புப் பயணத்தில் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தையும் மோட்டார் வாகன சங்கத்தில் பெற்றுக்கொண்டேன். அது ஓர் ஆண்டுக்குச் செல்லுபடியாகும். எங்கள் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் சேர்த்துக் காட்டினால் மட்டுமே அதற்கு மதிப்பு உண்டு. வாடகைக் காரைப் பதிவு செய்கையில் அனுமதிப்பத்திரத்தில் முதலெழுத்துகளாகச் சுருங்கியிருந்த பெயரை விட்டு, கடவுச்சீட்டிலுள்ள முழுப் பெயரையே எழுதினேன். கடனட்டையும் சாரதியின் சொந்தப் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதால், கார் நிறுவனம் வைப்புத் தொகையைத் தடுத்துவைக்கும் அளவுக்கு என் அட்டையின் எல்லையை உயர்த்தித் தரும்படி ஒரு மாதம் முன்னதாகவே வங்கியில் எழுதிக் கொடுத்தேன்.

புகையிரதம் எங்கே முடிந்து கார் எங்கே தொடங்குவது என்பதில்தான் வீட்டில் அதிகம் விவாதித்தோம். பேர்ணிலேயே காரை எடுத்துப் பாரிஸில் விடுங்கள் என்றார் சின்னம்மாவின் மருமகன். ஆனால் ஒரு நாட்டில் எடுத்து மறு நாட்டில் விடுவதற்குக் கட்டணம் மிக அதிகம். சுவிஸிலோ பெற்றோரில் ஒருவர் சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தாலே பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் குடும்ப அட்டையுடன் இலவசமாகப் பயணம் செய்யலாம். புகையிரதம், பேருந்து, ஏரிப் படகு எல்லாம் அதில் அடங்கும். தூன் ஏரியில் படகில் இன்டர்லாக்கன் வரை போன நாளை மகன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனவே நகரங்களுக்குப் புகையிரதம், புகையிரதம் எட்டாத திராட்சைத் தோட்டக் கிராமங்களுக்கும் ஜேர்மனியின் கருங்காடு என்னும் மலைக்காட்டுப் பகுதிக்கும் மட்டும் கார் என்று முடிவு செய்து, ஸ்ட்ராஸ்பூர்க் நிலையத்தில் எடுத்து நான்கு நாட்களில் அங்கேயே திருப்பிக் கொடுப்பதாகப் பதிந்தேன். கார் சுவிஸுக்குள் போகாததால் அந்நாட்டு நெடுஞ்சாலைக்கெனக் கார்க் கண்ணாடியில் ஒட்டும் 40 பிராங்க் வில்லையும் தேவைப்படவில்லை.

பேர்ணிலிருந்து பாசலுக்கு ஒரு மணித்தியாலம். பாசல் நிலையத்தில் பிரெஞ்சுப் புகையிரதங்களுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. பழைய சுங்க வழியினூடாகப் பொதிகளை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பதை முன்பே அறிந்து, மாறுவதற்கு நாற்பது நிமிடம் விட்டிருந்தது நல்லதாயிற்று. அங்கிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் செல்லும் பிராந்தியப் புகையிரதத்தில் ஆசனப் பதிவு இல்லை. பாரிஸ் செல்லும் அதிவேகப் புகையிரதத்தில் அது கட்டாயம்.

இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள அந்தக் காரில் அமர்ந்த முதல் அரை மணித்தியாலத்தை நான் மறக்கமாட்டேன். திருகோணமலையில் இருபது வருடம் ஓட்டிய கை, திரும்பும்போதெல்லாம் ஸ்டியரிங்கின் வலப்பக்கக் கம்பியைத் தட்டியது. சமிக்ஞை விளக்குக்குப் பதிலாகக் காய்ந்த கண்ணாடியில் துடைப்பான் கிறீச்சிட்டது. பதியும்போதே தானியங்கி கியர் உள்ள காரைக் கேட்டிருந்ததால் இடக் காலுக்கும் வலக் கைக்கும் வேலை இல்லாமற் போனது பெரும் உதவி. சுற்றுவட்டத்தில் இடப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பதை மனைவி பக்கத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் நினைவூட்டினார். கொல்மார் வரையான நெடுஞ்சாலையில் சுங்கக் கட்டணம் இல்லை, ஜேர்மனியிலும் இல்லை. மகனுக்கு உயர்த்தி ஆசனம் இரு நாடுகளிலும் கட்டாயம் என்பதால் அதைக் காருடனேயே கேட்டு வாங்கியிருந்தேன். ஃப்ரைபூர்க் நகருக்குள் நுழைய அப்போது பச்சைச் சுற்றாடல் வில்லை தேவைப்பட்டது. பிரெஞ்சுக் காரில் அது இல்லாததால் நகருக்கு வெளியே நிறுத்திவிட்டு டிராமில் போனோம். தெருவோரம் ஓடும் சிறு நீரோடைகளில் பிள்ளைகள் கால் நனைத்துக்கொண்டு நடந்தார்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாளன்று எரிபொருளை நிரப்பி, அளவுமானியையும் காரின் நான்கு பக்கங்களையும் சக்கரங்களையும் படமெடுத்து வைத்தேன். பாரிஸ் கிழக்கு நிலையத்தில் தம்பி காத்திருந்தான். அங்கிருந்து, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் நடந்துபோகும் தூரம்தான் என்று சொல்லி, பொதிகளுடனேயே எங்களைச் சோறு சாப்பிடக் கூட்டிப்போனான். தடுத்துவைக்கப்பட்ட வைப்புத் தொகை, நாங்கள் ஊர் திரும்பிப் பத்து நாட்களின் பின், ஒரு யூரோகூடக் குறையாமல் விடுவிக்கப்பட்டிருந்தது.