காலில் பட்டை, கையில் ஓட்டு இல்லை

"அண்ணே, எனக்கு ஓட்டு உண்டா?" வேலையிடத்துத் தம்பி கேட்டான். சிறைத் தண்டனையின் மீதியை வீட்டுக்காவலில் கழிக்கிறான். காலில் மின்னணுப் பட்டை. நேரத்துக்கு வீடு போய்ச் சேரணும், ஓவர்டைம் கிடையாது.

இல்லை. வெளியில் நடமாடினாலும் தண்டனை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது. நம்ம சிங்கப்பூரின் நாடாளுமன்றத் தேர்தல் சட்டம், உள்ளே எத்தனை மாசம் இருந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு 12 மாதத்துக்கு மேல் சிறை விதிக்க இடமிருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஆக, அப்படிப்பட்ட குற்றத்துக்கு மூன்றே மாசம் வாங்கியவருக்கும் தண்டனை முடிகிறவரை ஓட்டு இல்லை. இது பலருக்குத் தெரியாது.

கலிஃபோர்னியாவில் 2020 நவம்பரில் இதை மக்களிடமே கேட்டார்கள். பரோலில், அதாவது சிறையிலிருந்து வெளிவந்து கண்காணிப்பில் இருப்பவர்களும் ஓட்டுப் போடட்டும் என்றது 17ஆம் முன்மொழிவு. ஜெயித்தது. மறு வருஷம் நியூயார்க்கும் சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டது.

கொலைகாரனுக்கும் ஓட்டா என்று சண்டைக்கு வராதீர்கள். உள்ளே இருப்பவர் விஷயம் வேறு. நான் கேட்பது, நம்மோடு எம்ஆர்டி ரயில் ஏறி வேலைக்குப் போய், சிபிஎஃப் சேமநிதி கட்டுகிறவனைப் பற்றி. சிறையிலிருந்து வருபவர்களை ஏற்றுக்கொள்வோம் என்று 2004லிருந்து மஞ்சள் ரிப்பன் குத்திக்கொள்கிறோமே, அது சட்டைக்கு மட்டும்தானா?

தம்பியிடம், தண்டனை முடிந்ததும் அரசாங்க மின்னணு அடையாளமான சிங்பாஸில் நுழைந்து வாக்காளர் பதிவேட்டில் பேர் இருக்கா பாரு என்றேன். "எந்தத் தொகுதிண்ணே நான்?" என்கிறான்!