கினிகத்தேனைக்கு முன்னால் ஒரு சிறு இறக்கம்

சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி தை மாதக் கடைசியில், ஒரு விடியற்காலை வாட்ஸப்பில் வந்தது. இங்கே கனடாவின் ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. குழுவில் ஒவ்வொருவராக அனுதாபம் எழுதிக்கொண்டு போனார்கள். ‘எங்கட ஜியோகிரபி சேர்’ என்று ஒருவன் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகு எனக்குக் கை ஓடவில்லை. மலர்க் குழுவினர் அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டபோது உடனே சம்மதித்தேன். ஆனால் சேரைப் பற்றி எழுதுவதென்றால் நான் அந்தச் சைக்கிள் பயணத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதை எழுதுவதென்றால், கூட வந்த பத்துப் பேருக்கும் இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

அவருடைய பாடம் உங்களுக்குத் தெரியும். மேல் மாடி கடைசி அறை, கடலைப் பார்த்த யன்னல், மேசையில் விரித்த, மைலுக்கு ஓர் அங்குலம் என்று வரைந்த ஓர் அங்குலப் படம், காற்றில் பறக்காமல் மூலைக்கு ஒரு டஸ்டர். ஒரே உயரமான இடங்களை இணைத்து ஓடும் கோடுகளைக் காட்டி, “சமவுயரக்கோடு நெருங்கி வந்தா?” என்று அவர் கேட்டு முடிக்க முன்னமே, “குத்துச் சாய்வு, சேர்” என்று வகுப்பே கத்தும். அவர் தலையை ஆட்டுவார். “வாய்க்குத் தெரியுது. காலுக்குத் தெரியோணும்.”

1983 ஏப்ரலில், வருசப் பிறப்பு முடிந்த கிழமை, அதைக் காலுக்குத் தெரியப்படுத்தக் கூட்டிக்கொண்டு போனார். கொழும்பிலிருந்து ஹட்டன் வரை, களனி கங்கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது. ஏறக்குறைய 80 மைல், மூன்று நாள், பதினொரு பெடியன்கள். சேருக்கு அப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். கியர் வைத்த சைக்கிள் ஒருவரிடமும் இல்லை. என்னுடையது அப்பாவின் ரலி. இரும்புக் கம்பியில் இயங்கும் பிறேக், முழுச் செயின் கவர், பின்னால் இரண்டு மூட்டை அரிசி தாங்கும் கரியர். அதில் ஒரு சாரம், ஒரு துவாய், ஒட்டுப் போடுகிற சாமான், அம்மா கட்டித் தந்த இடியப்பம்.

விடிய நாலரைக்கு வெள்ளவத்தையில் கூடினோம். ஹை லெவல் றோட்டால் போனால் சுருக்கு என்று எல்லோரும் சொன்னோம். சேர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஆறு எங்கயோ, நாங்கள் அங்க” என்று லோ லெவல் றோட்டில் விட்டார். பொரளைச் சந்தியில் ஒரு கடை அப்போதுதான் திறந்தது. அந்தக் கடைக்காரர் எங்களுக்குப் பிளேன்ரீ ஊற்றித் தந்து, ஹட்டன் வரைக்கும் என்று கேட்டதும் காசு வாங்க மறுத்தார். சிங்களத்தில் ஏதோ வாழ்த்தினார். மூன்று மாதம் கழித்துக் கலவரம் தொடங்கிய அந்தச் சந்தியை நினைக்கும்போது அவருடைய முகத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடுவெல தாண்டி ஹங்வெல்ல வரை இடது பக்கத்தில் ஆறு கூடவே வந்தது. கலங்கல் நிறம், அகலம், அவசரமில்லாத ஓட்டம். 145 கிலோமீற்றர் வந்து களைத்த ஆறு, கடைசிக் கட்டத்தில் இப்படித்தான் இருக்கும் என்றார் சேர். பிறந்த இடத்தில் இதே ஆற்றைப் பார்த்தால் அடையாளம் தெரியாது என்றும் சொன்னார்.

அவிசாவளையில் பெரண்டி கோவிலைக் காட்டினார். சீதாவக்கையின் முதலாம் இராஜசிங்கன் 16ஆம் நூற்றாண்டில் வைரவருக்குத் தொடங்கி, முடிக்காமலே போன கோயில். கூரையில்லாத கருங்கல் தளத்தில் பாசி படிந்திருந்தது. எங்களில் ஒருவன் செருப்பைக் கழற்ற, மற்றவர்களும் கழற்றினோம். அங்கேயிருந்து தெஹியோவிட்ட, கரவனெல்ல, யட்டியாந்தோட்டை என்று முழுக்க இறப்பர் மரங்கள்தான். நிழலும், சிரட்டையில் வடியும் பாலின் புளித்த மணமும். யட்டியாந்தோட்டை வரை ஒரு காலத்தில் குட்டிக் கோச்சி ஓடியதென்றும், உலகப் போர்க் காலத்தில் அந்தக் கிளையை மூடிவிட்டார்கள் என்றும் சேர் சொன்னார். அன்றிரவு ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தோம். அதன் தலைமை ஆசிரியர் சேரோடு படித்தவர். தொழிலாளர் லயத்திலிருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தது. ஓர் அறையில் எட்டுப் பேர் குடியிருக்கும் வீட்டிலிருந்து பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு வந்தது என்பது எனக்கு அடுத்த நாள் காலைதான் தெரியும்.

இரண்டாம் நாள் கித்துல்கல. ஆறு அங்கே வேறு ஆறு. பாறைக்குப் பாறை மோதி வெள்ளை வெள்ளையாக இறங்குகிறது. எதிர்க்கரையில் மழைக்காடு, ஹொர மரங்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி. ஒரு ஆங்கிலப் படத்துக்காக 1957இல் மரப்பாலம் கட்டி வெடி வைத்த இடத்தைப் பார்க்க நாங்கள் ஓடினோம். சேர் ஆற்றுக்குள் இறங்கி ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். முட்டை மாதிரி வழவழவென்று இருந்தது. “இது மேல இருந்து உருண்டு வந்தது. கொழும்புக்குப் போகேக்க மணலாப் போகும்.” கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இதற்கு மேலேதான் சேருகின்றன என்றும், அந்த இரண்டு ஆறுகளின் விழுகையை வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று விமலசுரேந்திரா என்ற பொறியியலாளர் 1918இலேயே எழுதிக் கொடுத்தார் என்றும், லக்சபானவில் அது நடக்க 1950 ஆனதென்றும் சொன்னார். “முப்பத்திரண்டு வருசம் அந்த மனுசன் பொறுத்தார்.” அந்தக் கல்லைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கித்துல்கல தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. ஏற்றம் என்றால், எழும்பி நின்று மிதித்தும் பெடல் பாதியில் நிற்கிற ஏற்றம். ஒரு வளைவு முடிந்தால் அடுத்த வளைவு, வலது பக்கம் பள்ளம், அதன் அடியில் எங்கேயோ ஆற்றின் இரைச்சல். ஒரு மணியளவில் வானம் கறுத்தது. சூடேறிய காற்று மேலெழும்பிப் பெய்கிற மேற்காவுகை மழை, புத்தகத்தில் உள்ளபடியே பின்னேரத்துக்குச் சரியாக வந்தது. பெடியன்கள் ஒவ்வொருவராக வளைவுக்கு அப்பால் மறைந்தார்கள். சேர் கடைசியாகத்தான் வருவார். ஆனால் எனக்குச் செயின் கழன்று, அந்தக் கவரைத் திறந்து மாட்டி முடிக்க நேரமானதால், முன்னால் யாருக்கோ பஞ்சர் என்று அவரும் போய்விட்டார். “மெல்ல வாரும், நான் மேல நிக்கிறன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தனியே கொஞ்சத் தூரம் தள்ளினேன். குதிக்காலில் அட்டை கடித்து இரத்தம் செருப்பை நனைத்திருந்தது. அப்போது வெறும் தேயிலைப் பெட்டிகள் ஏற்றிய லொறி ஒன்று பின்னால் வந்து நின்றது. உதவியாள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, இறங்கிச் சைக்கிளைத் தூக்கி மேலே போட்டான். நான் ஏறிப் படங்குக்குக் கீழே பெட்டிகளுக்கு நடுவில் குந்தினேன். ஈயத்தாளும் பழைய தேயிலையும் கலந்த மணம்.

படங்கில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாகத்தான் பார்த்தேன். ஒரு வளைவில், றோட்டோரக் கல்லில் சைக்கிளைச் சாத்திவிட்டு சேர் நின்றார். தலையில் துவாய், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துப் போட்டதும் மறுபடி கீழ்ப் பக்கம் பார்த்தார். என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். லொறி அவரைக் கடந்து போனது. நான் கத்தவில்லை. கத்தியிருக்கலாம், கைக்கெட்டும் தூரம்தான்.

கினிகத்தேனைக் கடைத்தெருவுக்கு முன்னமே இறங்கி, மற்றவர்கள் ஒதுங்கியிருந்த தாழ்வாரத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். எல்லோரும் நனைந்திருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சேர் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. என்னைக் கண்டதும் அவருடைய முகத்தில் வந்த ஆறுதலை இன்றைக்கும் காண்கிறேன். “மழையில உங்களைக் காணேல்ல சேர், கடந்து வந்திட்டன்” என்றேன். “சரி” என்றார். உதடு நீலம் பாரித்திருந்தது.

மூன்றாம் நாள் வட்டவளை வழியாக ஹட்டன். இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று வட்டவளை, நாங்கள் போனபோது வெயில் எறித்தது. பின்னேரம் ஹட்டன் ஸ்டேசனில், 4,000 அடிக்கு மேலே, பதுளையிலிருந்து வரும் இரவு மெயிலுக்குக் காத்திருந்தோம். சைக்கிளையும் கோச்சியில் ஏற்றுவதாக ஏற்பாடு. எங்கள் பிறேக்குகளை நம்பி இறங்கவிட சேருக்கு மனமில்லை.

அங்கேதான் ஆளுக்கொரு வரைபுத்தாள் தந்தார். கித்துல்கலவிலிருந்து ஹட்டன் வரை, றோட்டின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பக்கத்தோற்றம். படத்தைப் பார்க்கக் கூடாது, கால் சொன்னதைக் கீற வேண்டும். நான் முதல் நாள் இரவு ஓர் அங்குலப் படத்தில் பார்த்து மனதில் வைத்திருந்த சமவுயரக்கோடுகளைக் கொண்டு அழகாக ஒரு கோடு இழுத்தேன். அதுதான் ஆகத் துப்புரவான கோடு.

சேர் பிளாட்பார விளக்கின் கீழே ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். “கினிகத்தேனைக்கு முன்னால ஒரு இறக்கம் வருமே. நீர் அதை விட்டிட்டீர்?”

பத்துப் பேரின் தாளிலும் ஒரே இடத்தில் ஒரு சிறு பள்ளம் இருந்தது. ஓர் அங்குலப் படத்தில் நூறு அடிக்கு ஒரு கோடு. அதற்குள் இறங்கி ஏறுகிற எதையும் படம் காட்டாது. “டேய், முழு ஏத்தத்திலயும் கால் ஆறினது அந்த ஒரு இடத்திலதானே, அதையாடா மறந்தாய்?” என்று பெடியன்கள் சிரித்தார்கள். நான் நித்திரையில் ஓடினேன் என்றார்கள். காது மடல் சுட்டது. சேர் மட்டும் சிரிக்கவில்லை. தாளை இரண்டாக மடித்து என்னிடமே தந்தார். “சரி, இன்னொருக்கா போகேக்க பார்த்துக் கீறித் தாரும்.”

அதற்குள் அங்கே வேறொரு கூட்டம் வந்து சேர்ந்தது. தோட்டத்துக் குடும்பங்கள், தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், சாக்கில் கட்டிய ஓர் அம்மிக்குழவி. இந்தியாவுக்குப் போகிறவர்கள், தலைமன்னாரில் கப்பல். வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் ஒரே குரலில் அழுதார்கள். அந்த வண்டிக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று பங்கு பிரித்ததைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன். குழவிச் சாக்கைத் தூக்கிக் கொடுத்தபோதுதான் அந்த எண்ணிக்கையின் பாரம் தெரிந்தது. அந்தக் கிழவி, “அங்க கல்லு கெடைக்குமோ என்னவோ, தம்பி” என்றார். சேர் ஒவ்வொரு பெட்டியாக ஏற்றிக் கொடுத்துவிட்டு, வண்டி போகும் வரை நின்றார்.

மூன்று மாதத்தில் தமிழருக்கு எதிரான யூலைக் கலவரம் வந்தது. அதைப் பற்றி இந்த மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள், நான் மறுபடி எழுதவில்லை. எங்கள் வீடு போனது. சைக்கிள் அன்றைக்குப் பின்வளவில் நின்றதால் தப்பியது. 1984 மார்ச்சில், கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போவதற்கு முந்திய நாள், அதைச் சேரின் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனேன். நீங்களும் வெளிக்கிடவில்லையா என்று கேட்டேன். “ஏ.எல். வகுப்பை ஆர் பார்க்கிறது?” என்றார். சைக்கிளை யாருக்காவது கொடுங்கள் என்றேன். “நீர் வரும் வரைக்கும் நிக்கட்டும்” என்றார்.

ஏரோகிராமில் எழுதுவார். சிறிய, சாய்வில்லாத எழுத்து. 1990இல் வந்த ஒன்றில், ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு பிள்ளைக்குச் சைக்கிளைக் கொடுத்துவிட்டதாகவும், நான் குறை நினைக்கக் கூடாதென்றும் எழுதியிருந்தார். அதற்கு நான் பதில் போடவில்லை. இரண்டு வேலை, தங்கச்சியின் கல்யாணம், வீட்டுக் கடன் என்று வருடங்கள் போயின. இங்கே டொன் நதிப் பள்ளத்தாக்கில் நல்ல சைக்கிள் பாதை இருக்கிறது. வார இறுதியில் ஓடுவேன். இலையுதிர் காலத்தில் அந்தக் காடு அழகுதான். ஆனால் அந்த ஆறு எங்கே பிறக்கிறது, எந்த மழையில் பெருகுகிறது என்று எனக்குச் சொல்லித் தர யாருமில்லை. நானும் தேடிப் படிக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஊரின் ஆற்றை அறியாமலே இருக்கிறேன்.

2011இல் குடும்பத்தோடு போனேன். வான் வண்டியில் நுவரெலியா போகும்போது அதே றோட். கினிகத்தேனைக்கு முன்னால் யன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். வானுக்கு ஏற்றமும் ஒன்று, இறக்கமும் ஒன்று. எஞ்சின் சத்தம் ஓரிடத்தில் கொஞ்சம் மாறியது, அதுவா, இல்லையா என்று சொல்ல முடியவில்லை. நிறுத்தச் சொல்ல வாய் வந்தது. மழை, பின் சீற்றில் பிள்ளைகள் நித்திரை.

இரண்டு நாள் கழித்து வெள்ளவத்தையில் சேரைப் பார்த்தேன். அதே ஒழுங்கை, அதே வீடு, முன்னால் மட்டும் ஒன்பது மாடிக் கட்டடம். ஒரு கண் தெரியாது. குரலை வைத்தே பிடித்துவிட்டார். தேத்தண்ணி வந்தது. கொஞ்ச நேரம் பேசினோம். பிறகு, “சேர், அண்டைக்கு நான் லொறியில வந்தனான்” என்றேன். என் குரல் பதினேழு வயதில் எப்படி நடுங்கியிருக்குமோ அப்படி நடுங்கியது.

“தெரியும்” என்றார்.

எப்போது தெரியும் என்று கேட்டேன். தாளைப் பார்த்ததும் தெரியும் என்றார். அந்த மழையில் ஒரு மணித்தியாலம் உங்களை நிற்க வைத்துவிட்டேன் என்றேன். மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அவர் தெரிகிற கண்ணை என் பக்கம் திருப்பினார். “நான் வேற எங்கயும் நிண்டிருக்கலாம். அந்த இறக்கத்தின்ர அடியில போய் நிண்டனான். நீர் செயினோட கஷ்டப்பட்டு வாறீர். அந்த ஒரு இடத்தில மட்டும் காலை விட்டிட்டு ஓடி வருவீர். அதைப் பார்ப்பம் எண்டு நிண்டனான்.”

நான் ஒன்றும் பேசவில்லை. ஒழுங்கையில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள்.

“தேத்தண்ணி ஆறுது, குடியும்” என்றார் சேர்.