அம்மாவுக்கு வந்த மெர்க்கல் செல் புற்றுநோய்: நாங்கள் கடந்து வந்த வழி

அம்மாவின் இடது காதுக்கு முன்னால், கன்னத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. ஊதா கலந்த சிவப்பு. தொட்டால் கெட்டியாக இருந்தது, வலி மட்டும் துளியும் இல்லை. முதலில் பார்த்த டாக்டர் கொழுப்புக்கட்டிதான், தொந்தரவு கொடுத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார். அடுத்த சில வாரங்களில் அது இரண்டு மடங்கானது.

அப்புறம் போன தோல் மருத்துவர் அழுத்திப் பார்த்துக்கொண்டே, "வலிக்குதாம்மா?" என்றார். "இல்லவே இல்லை டாக்டர்" என்று அம்மா நிம்மதியாகச் சொன்னார். டாக்டர் முகத்தில் அந்த நிம்மதி இல்லை. அன்றைக்கே பயாப்ஸி எடுத்தார். வலியில்லாமல் இருப்பது, வேகமாக வளர்வது, வயது ஐம்பதைத் தாண்டியிருப்பது, வெயில் படும் இடத்தில் வருவது, உடலில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருப்பது என மெர்க்கல் செல் என்ற இந்தத் தோல் புற்றுநோய்க்கு ஐந்து அடையாளங்கள் உண்டு. நோயாளிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு இவற்றில் குறைந்தது மூன்று இருக்கும். எதிர்ப்புச் சக்தியைத் தவிர மற்ற நான்கும் அம்மாவுக்கு இருந்தன.

பயாப்ஸி ரிப்போர்ட் உடனே வரவில்லை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்தச் செல்கள் நுரையீரலில் வரும் ஒருவகைப் புற்றுநோயின் செல்களைப் போலவே இருக்குமாம். அதனால் தனியாகச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். சிகே20 (CK20) என்ற புரதம் பாசிட்டிவ், டிடிஎஃப்1 (TTF-1) என்ற புரதம் நெகட்டிவ் என்று வந்த பிறகுதான் மெர்க்கல் செல் என்று உறுதி செய்தார்கள். உங்கள் கையில் இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் அந்த இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

இது அரிதான நோய். 1972இல்தான் முதன்முதலாக மருத்துவ இதழில் எழுதப்பட்டது. பெரும்பாலான கட்டிகளுக்குப் பின்னால் ஒரு வைரஸ் இருப்பதை 2008இல் கண்டுபிடித்தார்கள். அந்த வைரஸ் நம்மில் பலர் தோலில் சும்மா கிடப்பதுதான், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் புற்றுநோயாக ஒட்டாது என்று டாக்டர் சொன்னதும், பேரனைத் தூக்கலாமா கூடாதா என்று தயங்கிக்கொண்டிருந்த அம்மா முதலில் செய்த வேலை அவனைத் தூக்கியதுதான்.

ஆபரேஷனில் கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து அகலமாக எடுத்தார்கள். அதற்கு முன் நீலச் சாயமும் கொஞ்சம் கதிரியக்க மருந்தும் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவைக் கண்டுபிடித்து அதையும் எடுத்தார்கள். கழுத்தில் கையால் தடவினால் எதுவும் தெரியாது, ஆனாலும் அந்தக் கணுவில் புற்றுச் செல்கள் இருந்தன. இந்தச் சோதனையை யாரும் வேண்டாமென்று விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார். அது அந்தச் சாயம்தான். முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.

அப்புறம் ரேடியேஷன். வெந்நீரில் இளக்கிய வலைபோன்ற பிளாஸ்டிக் தகட்டை முகத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள், அது ஆறி முகத்தின் அச்சாகவே இறுகிவிடும். அதை மாட்டித் தலை அசையாமல் மேசையோடு பூட்டித்தான் ஒவ்வொரு முறையும் கதிர் செலுத்தினார்கள். முதல் நாள் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. கண் பகுதியை வெட்டித் தரச் சொல்லிக் கேட்டோம், செய்து கொடுத்தார்கள். வாய் வறட்சி மட்டும் நெடுநாள் நீடித்தது.

இந்த நோய் திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வரும். அம்மாவுக்கும் வந்தது, பெட் (PET) ஸ்கேனில் வயிற்றுப் பக்கத்து நிணநீர்க் கணுவில். நல்லவேளையாக, 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அவெலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து இருந்தது. நம் எதிர்ப்புச் சக்தியின் கண்ணிலிருந்து புற்றுச் செல் ஒளிந்துகொள்ளும் வழியை அது அடைக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். எல்லோருக்கும் கேட்பதில்லை. அம்மாவுக்குக் கேட்டது, அடுத்த ஸ்கேனிலேயே கணு சுருங்கியிருந்தது.

ஆனால் தைராய்டை அது பாதித்துவிட்டது. காரணமில்லாத சோர்வும் மலச்சிக்கலும் வந்தபோது ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இப்போது காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், தோல் பரிசோதனை. அடுத்தது வரும் மாதம்.